மூலம் எங்கே?

வணிகத்துக்கு வாடிக்கையாளரே உயிர். அவர்களுடைய பெயர், கொடுக்கல் வாங்கல், தேவை, குறை ஆகிய அனைத்தையும் குறித்து வைத்த பேரேட்டின் பணியை இந்நாளில் கணினி மென்பொருள் ஏற்றுள்ளது. இதனை வாடிக்கையாளர் உறவு மேலாண்மை என்பர். தமிழகத்துக்கு வெளியே கடை நடத்தும் நம்மவர் பலரும் இத்தகைய மென்பொருளை நாடுகின்றனர். எதனை நம்புவது? விற்பவரைக் கேட்டால் தம்முடையதே சிறந்தது என்பார். இவ்வினாவுக்கு விடை காண, மைசூர் நகரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி துணை செய்யும்.

அந்நகரில் 1891-இல் கீழ்த்திசை நூலகம் தோன்றியது. அதன் நூலகராக விளங்கியவர் ஆர். சாமசாஸ்திரி. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அந்நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடியை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி, கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமே என்பதைச் சாஸ்திரியார் 1905-இல் உலகறியச் செய்தார். அதுகாறும் பிற நூல்களின் மேற்கோள்கள் வாயிலாகவே அந்நூல் அறியப்பட்டிருந்தது. உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, அயல்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என வணிகரின் இலாபத்துக்கு வரம்பு கட்டி, வாங்குவோரைக் காக்கும் விதியும் அதில் உண்டு.

சாஸ்திரியார் 1909-இல் மூலத்தையே அச்சிட்டு வெளியிட்டார்; 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக்கினார். அதன் பயன் யாது? ஜாலி, ஷ்மிட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1923-24-இல் லாகூரிலும், கணபதி சாஸ்திரி 1924-25-இல் திருவனந்தபுரத்திலும் வேறு சுவடிகளை ஒப்பிட்டுப் புதுப் பதிப்புகளைக் கொணர்ந்தனர். காங்லே 1960 முதல் 1965 வரை பம்பாயில் ஆராய்ச்சிப் பதிப்பை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். முதற் பதிப்பின் பிழைகள் திருந்தின. அதன் பெருமையோ குன்றவில்லை.

இந்நெறியே மென்பொருளிலும் நிலவுகிறது. நிரலின் மூலத்தை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிப்பதே திறமூல மென்பொருள். இப்பெயரின் ஆங்கில வடிவம் 1998-இல் வழக்குக்கு வந்தது. 2004-இல் அமெரிக்காவில் ‘சுகர்’ என்னும் வாடிக்கையாளர் மென்பொருள் மூலத்தோடு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அதன் மூலத்தைக் கொண்டு சென்னையில் ‘வீடைகர்’ உருவாயிற்று. 2013-இல் ஸ்காட்லாந்தில் ‘சூட்’ பிரிந்தது. புதிய திறமூலப் பதிப்புகளை வெளியிடுவதில்லை எனச் சுகர் நிறுவனம் 2014-இல் அறிவித்தது. ஆயினும் அதனை நம்பியிருந்தோர் தவிக்க நேரவில்லை. முன்னரே வெளியான மூலம் பிறர் கையில் தொடர்ந்து வளர்ந்தது.

எனினும், மூலம் திறந்திருப்பது மட்டும் போதாது. படிப்பாரற்ற சுவடி பெட்டியில் கிடப்பதும் கிடவாததும் ஒன்றே. ஆகவே மென்பொருளைத் தேர்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மூலமும் அதன் உரிமமும் வெளிப்படையாக உள்ளனவா? பிழைகளும் திருத்தங்களும் நாள்வாரியாகப் பதிவு பெற்று, அண்மைக் காலம் வரை தொடர்கின்றனவா? நம் வாடிக்கையாளர் பட்டியலை வேண்டும்போது முழுமையாக வெளியே எடுத்துச் செல்ல இயலுமா?

இவற்றுக்கான விடைகளை விளம்பரத்தில் தேடாது, மூலத்தையும் அதன் பதிவேட்டையும் பார்த்தே பெறுதல் நன்று. நிரல் படிக்கத் தெரியாதவர், அதனை அறிந்த, விற்பனையில் பங்கில்லாத ஒருவரைக் கொண்டு ஆராயலாம். பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியலைப் பிறர் பூட்டுக்குள் வைக்குமுன், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பது வணிகரின் கடமையாகும்.