பெரியப்பா வீட்டுப் பிள்ளை

1960-ம் ஆண்டு மே மாதம். கொடைக்கானலில் சீசன் நேரம். 'ஹில்டாப்' என்ற பங்களாவில் 89 வயது மூதாட்டி ஒருவர் கண்ணை மூடினார். பெயர் ஐடா ஸ்கடர். ஆம், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய அதே ஐடாதான்!

அவரைப் பற்றி ஊருக்கே தெரிந்த கதை ஒன்று உண்டு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, ஆண் டாக்டர் வேண்டாம் என்றது, விடிவதற்குள் மூன்று பெண்களும் பிரசவத்தில் செத்துப்போனது... அந்தக் கதையை விட்டுவிடுவோம். அதற்கு ஏழெட்டு வருஷம் முந்தைய கதைதான் நமக்கு வேண்டும்.

ஐடா பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-ல். கொஞ்ச காலம் குடும்பம் அமெரிக்காவில் இருந்தது. பிறகு மிஷன் வேலைக்காக அப்பா மறுபடி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பின்னாலேயே அம்மாவும். 14 வயது ஐடாவை மட்டும் சிகாகோவில் இருந்த பெரியப்பா ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் வீட்டில் விட்டுவிட்டார்கள். அம்மா கிளம்பிப் போன பிறகு, அவர் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அந்தப் பெண் அழுததாக ஐடாவின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

பெரியப்பா கொடுமைக்காரர் இல்லை. அவரே யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயது வாக்கில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. ஆக, வளர்க்க வந்தவரும் ஒருகாலத்தில் அப்படி விடப்பட்டவர்தான்! 1887-ல் அவரும் பெரியம்மாவும் மிஷன் வேலைக்கு ஜப்பான் போய்விட, ஐடா நார்த்ஃபீல்டு போர்டிங் ஸ்கூலுக்குப் போனார். மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது முறையாக வீடு கலைந்தது.

ஏன் இப்படி விட்டுவிட்டுப் போனார்கள்? கல்நெஞ்சமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834-ல். காலரா, விஷக்காய்ச்சல் என்று அடுத்த பத்தாண்டுகளுக்குள் பெரியவர்களும் குழந்தைகளுமாகக் கொத்துக் கொத்தாகச் சாவு. உயிர் பிழைக்க இடம் தேடித்தான் பழனி மலை ஏறினார்கள். 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் எழும்பின. உயிர் தப்பியது. ஆனால் பிள்ளைகளின் படிப்பு? அதற்குக் கடல் தாண்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. சித்தப்பா, அத்தை, தெரிந்த பாதிரியார்... யார் கிடைக்கிறார்களோ அவர்கள் வீட்டில்.

1901-ல்தான் அந்த மலையிலேயே ஒரு பதில் கிடைத்தது. 'ஹைகிளெர்க்' என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தில், 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம். முதல் பொறுப்பாளர் மார்கரெட் எடி. மகன் ஷெர்வுட் எடி இங்கே மிஷனரி. மகனோடு இருக்க வந்த அம்மா, பதின்மூன்று பேருக்கு அம்மாவாகிவிட்டார். இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலின் தொடக்கம் அதுதான். அப்போது மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியிலோ குதிரையிலோ மேலே வர வேண்டும். இருந்தாலும் சிகாகோவைவிடப் பக்கம் அல்லவா?

இந்த வரலாற்றில் சரியாகப் பெயர் பதியாத ஒருத்தி உண்டு. ஆயா! அந்தப் பிள்ளைகளில் பலரைத் தூக்கி வளர்த்தது தமிழ்ப் பெண்கள். துரைமகன்களுக்கு இங்கிலீஷுக்கு முன்னால் தமிழ் வந்தது அவர்களால்தான். பிள்ளை கப்பல் ஏறும்போது அம்மாவின் கண்ணீர் கடிதத்தில் பதிவாகும். ஆயாவின் கண்ணீரை யார் எழுதினார்கள்?

ஜான் பௌல்பி என்ற லண்டன் டாக்டர் கிட்டத்தட்ட இதைத்தான் ஆராய்ந்தார். தன்னை வளர்த்த ஆயா, தனக்கு நாலு வயது ஆகும் முன்னே வீட்டை விட்டுப் போனதைப் பெற்ற தாயை இழந்ததற்குச் சமமாகச் சொன்னவர். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் அவர் எழுதிய அறிக்கை, சோறும் துணியும் மட்டும் போதாது, நிலையான ஓர் ஆளின் பாசம் வேண்டும் என்று அடித்துச் சொன்னது. வளர்ப்பு வீடுகளைத் தேர்ந்தெடுப்பதும், அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் உலகம் முழுக்கச் சூடுபிடித்ததில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊருக்கு வருவோம். இங்கே அப்பா அம்மா இல்லாத பிள்ளையை ஆத்தாவோ மாமனோ கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 'எம் மக பிள்ளையை வளர்க்க எனக்கு யாருய்யா சொல்லித் தரணும்?' என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த ஆத்தாவும் மகளைப் பறிகொடுத்தவள். தன் துக்கத்தையே ஆற்ற முடியாதவள், 'அம்மா எங்கே?' என்று கேட்கிற ஆறு வயசுக்கு என்ன சொல்வாள்? 'ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா' என்பாள். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். உண்மையைச் சொல்வது எப்படி, ராத்திரி படுக்கையை நனைக்கிற பிள்ளையை அடிக்காமல் இருப்பது எப்படி, இதெல்லாம் பாசத்தால் மட்டும் வந்துவிடுவதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

சட்டம் இதை லேசாகத் தொட்டிருக்கிறது. 2015-ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்திலும், 2016-ல் வந்து 2024-ல் திருத்தப்பட்ட வழிகாட்டி நெறிமுறைகளிலும் வளர்ப்புக் குடும்பங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் வளர்ப்புக் குடும்பம் என்பது பெரும்பாலும் அந்நியர் வீடு. சொந்தக்காரர்களுக்கு வருவது முக்கியமாகப் பண உதவிதான்.

அந்தப் பணமும் சின்ன விஷயமில்லை. கொரோனா சமயத்தில், 2021 மே மாதம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பேரில் 5 லட்சம் ரூபாய் டெபாசிட், உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. 2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' திட்டம் வந்தது. சாவுக்குக் காரணம் கொரோனாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். முதல் கட்டத்தில் 6,082 பிள்ளைகள். உறவினர் வீட்டைப் பிள்ளை வளரும் வீடாக அரசு மதித்ததை வரவேற்கத்தான் வேண்டும்.

சொல்லித்தர வேண்டிய ஆள்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கொடைக்கானலுக்கு அது திண்டுக்கல்லில். பூம்பாறையில் பேரனை வளர்க்கிற ஆத்தா அங்கே போக வேண்டுமென்றால், முதலில் கொடைக்கானலுக்கு ஒரு பஸ். அப்புறம் மலையிறங்க இன்னொரு பஸ். ஒரு நாள் கூலி போச்சு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனுக்குக் கதவு திறக்க வீட்டில் ஆள் இருக்காது.