கொம்தார் குவிமாடமும் பாயான் லெப்பாஸ் பெண்களும்

கொம்தார் கோபுரத்தைத் தெரியாத பினாங்குக்காரர் கிடையாது. ஆனால் அதன் காலடியில், கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த அகன்ற கட்டடத்தின் மேல் ஏறி நிற்கும் குவிமாடத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு. முக்கோணங்களைச் சேர்த்துச் சேர்த்து வளைத்த கூரை அது. மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரால் டேவான் துங்கு என்று அழைக்கப்பட்ட மண்டபம். 2016 முதல் அதற்குள் ‘டெக் டோம் பினாங்கு’ இயங்குகிறது. ரோபோ, மின்காந்தம், ஒளியியல், தகவல் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் பிள்ளைகள் தொட்டும் சுழற்றியும் இழுத்தும் கற்றுக்கொள்ளும் கூடம். இந்தக் கூடத்துக்கு அந்தக் குவிமாடத்தைவிடப் பொருத்தமான கட்டடம் இந்தத் தீவில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். காரணம் எங்கள் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

என் அப்பா வெல்ட் குவே துறைமுகக் கரையில், தொங்காங்கு என்னும் சரக்குப் படகுகளில் மூட்டை இறக்கியவர். 1786-இல் பிரான்சிஸ் லைட் காலத்தில் தொடங்கிய சுங்கவரியில்லாத் துறைமுக வாழ்வு 1969-இல் முடிந்தது. கப்பல்கள் குறைந்தன, கூலி குறைந்தது, பல வீடுகளில் வேலையில்லாத இளைஞர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே 1969-இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ இரண்டு பெரிய முடிவுகளை எடுத்தார். ஒன்று, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களுக்காகப் பாயான் லெப்பாஸில் சுங்கவரியற்ற தொழிற்பேட்டை. 1972-இல் வயல்வெளிக்கு நடுவே இன்டெல் ஆலை வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் ஆலை அதுதான். இன்னொன்று, நகரின் நடுவே கொம்தார். 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் அடிக்கல் நாட்டினார். 65 மாடிக் கோபுரம் எண்பதுகளின் நடுவில் எழுந்து முடிந்தது.

கொம்தாரை வடிவமைத்தவர் முதலமைச்சரின் தம்பி லிம் சோங் கீட். சிங்கப்பூரில் 1965-இல் திறந்த மாநாட்டு மண்டபத்தில் பங்கு கொண்ட கட்டடக் கலைஞர். அமெரிக்கச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் புல்லர் அவருடைய நெருங்கிய நண்பர். குறைந்த பொருளால் நிறைந்த பயன் என்பது புல்லரின் வாழ்நாள் கொள்கை. ஒரே அளவு காற்றை அடைக்க மிகக் குறைந்த பரப்பு போதுமான வடிவம் உருண்டை. அந்த உருண்டையை முக்கோணங்களாகப் பிரித்தால் சுமை எல்லாக் கம்பிகளுக்கும் பகிர்ந்து போகும், நடுவில் தூணே வேண்டாம். இதற்கு 1954-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் புல்லர். டேவான் துங்குவின் கூரை அந்த முறையில் எழுந்தது.

இந்த வடிவத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பிறப்பிலேயே உறவுண்டு. புல்லருக்கு முன்பே, 1920-களில், ஜெர்மனியின் யேனா நகரில் கோளரங்கம் ஒன்றுக்காக வால்ட்டர் பவர்ஸ்பெல்ட் இத்தகைய குவிமாடத்தைக் கட்டினார். 1967-இல் மொன்ட்ரியால் கண்காட்சிக்குப் புல்லர் கட்டிய மாபெரும் உருண்டை 1976-இல் தீப்பிடித்து மேலுறையை இழந்தது; எலும்புக்கூடு மட்டும் நின்றது. அதை இடிக்கவில்லை. 1995-இல் நீர்ச்சூழல் பற்றிய அருங்காட்சியகமாக்கினார்கள். பினாங்கும் அதே வழியில் நடந்தது.

இடிக்காமல் காப்பது சுற்றுச்சூழலுக்கும் நல்லது. பசுமைக் கட்டடம் என்றால் பலருக்குக் கூரையில் சூரியத்தகடு நினைவுக்கு வருகிறது. ஆனால் சிமென்டும் இரும்பும் உருவாகும்போதே ஏராளமான எரிபொருள் செலவாகிவிடுகிறது. நிற்கிற கட்டடத்தை இடித்தால் அது அத்தனையும் வீண். கொம்தாருக்கு இடம் விடுவதற்காக வரிசை வரிசையாகக் கடைவீடுகள் இடிபட்டதைப் பார்த்த தலைமுறை நாங்கள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே திறந்த முற்றம், வெயிலையும் மழையையும் தடுக்கும் ஐந்தடி நடைபாதை, ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சு என்று வெப்பநாட்டு வாழ்க்கையை நன்கு அறிந்த வீடுகள் அவை. மிச்சமிருந்தவற்றின் அருமை 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபிடமாக அறிவித்தபோது ஊருக்கே புரிந்தது. அந்த இழப்புக்குப் பின் எழுந்த குவிமாடத்தையாவது இடிக்காமல் புதுப் பயனுக்குக் கொண்டுவந்தது நேர்மையான செயல்.

கொம்தார் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1978-இல், நான் பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். வயர் பாண்டிங் எங்கள் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்திலிருந்து வெளிக்காலுக்கு இழுத்துப் பொருத்த வேண்டும். கை நடுங்கினால் சில்லு போச்சு. என் லைனில் கம்பத்து மலாய்ப் பெண்கள், ஜெலுத்தோங் சீனப் பெண்கள், எஸ்டேட்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த் பிள்ளைகள் பெர்ரியில் கடல் தாண்டி, பேக்டரி பஸ் பிடித்து இரவு ஷிப்டுக்கு வந்தார்கள். அப்பாவின் கூலி நின்ற வீட்டில் என் சம்பளத்தில்தான் தம்பிகள் படித்தார்கள். உலகம் இன்று டிஜிட்டல் பண்பாடு என்று பேசுகிறதே, அதன் தொடக்ககாலச் சில்லுகளில் கணிசமானவை எங்கள் விரல்கள் வழியாகப் போனவை.

குவிமாடமும் தொழிற்பேட்டையும் ஒரே காலத்தின், ஒரே ஆட்சியின் பிள்ளைகள். அதனால்தான் கணினி யுகத்தின் கதையைச் சொல்ல இந்தக் கூரைக்கு முழு உரிமை உண்டு என்கிறேன். ஒரு பிள்ளை பொத்தானை அழுத்தி ரோபோவை ஆட்டும்போது, அதற்குள் இருக்கும் சில்லை யார் எப்படிக் கோத்தார்கள் என்பதையும் அங்கேயே மைக்ராஸ்கோப் வழியே பார்க்கவேண்டும். கம்பி இழுத்துப் பார்க்கவேண்டும். ஊடாடும் காட்சிக்கூடத்துக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

அந்தக் கம்பி இழுக்கும் வேலையை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. எங்கள் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ பாயான் லெப்பாஸில் வேலை செய்திருந்தால், அவருடைய வேலை அட்டையையும் சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், கைபேசியில் பதிவு செய்யுங்கள், அருங்காட்சியகங்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கட்டடத்தைக் காப்பாற்றிய ஊர் அதைக் கட்டிய காலத்தின் உழைப்பாளிகளையும் காப்பாற்ற வேண்டும்.