ஃபுளூ தடுப்பூசியின் பக்கவிளைவுகள்: திருமயம் வட்டாரக் குறிப்புகளுடன்

இன்ஃபுளூயன்சா வைரசுக்கு எதிரான ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு அன்றோ மறுநாளோ தோன்றி, இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும் உபாதைகளே ஃபுளூ தடுப்பூசியின் பக்கவிளைவுகள் எனப்படுகின்றன. ஊசி போட்ட கையில் வலிதான் அவற்றில் முதலிடம். சிலருக்கு இலேசான காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, அசதி வரும். கடுமையான விளைவுகள் மிக அரிது. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் போன்ற ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது மருந்தோடு மாதத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும் பருவமும் மழைக்காலக் காய்ச்சல்களின் பருவமும் அங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன. காய்ச்சல் எதுவானாலும் பழி ஊசிமேல் விழுவதற்கு அது ஒரு காரணம்.

திருமயத்தில் யார் போட்டுக்கொள்கிறார்கள்

திருமயம் புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், காரைக்குடி செல்லும் சாலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, குடைவரைக் கோயில்கள், 1887இல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர். சுற்றுக் கிராமத்தாருக்கோ தாலுகா ஆபீசும் அரசு மருத்துவமனையும் இருக்கிற ஊர். அங்கே முடியாததற்குப் புதுக்கோட்டைக்குப் போவார்கள். குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் ராணியார் மருத்துவமனை, மற்றவற்றுக்கு 2017இல் முள்ளூரில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃபுளூ ஊசி இல்லை. கிராம சுகாதார செவிலியர் கொண்டுவரும் ஐஸ்பாக்ஸில் அது இருக்காது. பெரும்பாலானோர் தனியார் மருத்துவரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் சொல்வதுண்டு. அரசு வழியாகக் கிடைப்பது சிலருக்கு மட்டுமே. சுகாதாரப் பணியாளர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். ஹஜ் புறப்படும் முதியோருக்குப் பயணத்துக்கு முன் முகாம்களில் இந்த ஊசி போடப்படுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற ஊசி என்றால் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஃபுளூ ஊசிக்கு அப்படி ஊர் அனுபவம் சேரவில்லை. கை வலித்தால்கூட ஏதோ ஆகிவிட்டது என்று பயம் வருகிறது.

நோய் ஒன்றும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1957ஆம் ஆண்டின் ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்ததே மே மாதத்தில், சென்னைத் துறைமுகம் வழியாக, கப்பலில். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய அரசின் இன்ஃபுளூயன்சா மையம் அதைப் பின்தொடர்ந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் கணக்கு பதிவானது.

கை ஏன் வலிக்கிறது

நம் ஊரில் பெரியவர்களுக்குப் போடப்படுவது செயலிழக்கச் செய்த வைரசின் துண்டுகள். வைரசைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்து, வேதிப்பொருளால் கொன்று, உடைத்து, மேலுறைப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். வழக்கமான ஊசி அரை மில்லி. வைரஸ் வகை ஒவ்வொன்றுக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் அதில் இருக்கும். உயிருள்ள வைரஸ் இல்லாததால் இந்த ஊசியால் ஃபுளூ காய்ச்சல் வர வழியில்லை.

தோள்பட்டைக்குக் கீழே தசைக்குள் மருந்து இறங்கியதும் நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே கூடுகின்றன. அவை சுரக்கும் பொருள்களால் இரத்தக் குழாய்கள் விரிந்து, அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கிறது. "ஊசி போட்ட எடம் கல்லு மாதிரி இருக்கு, கையத் தூக்க முடியல" என்று மறுநாள் சொல்வது இதைத்தான். அதே பொருள்கள் இரத்தத்தில் கலந்து மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை எட்டினால் உடம்பு சற்றுச் சுடும். அக்குளில் நெறி கட்டுவதும் இந்தக் கணக்கில் சேரும். முதன்முறை போட்டுக்கொள்ளும் சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் சற்று அதிகமாக வருகிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்குச் சில நாடுகளில் போடும் நான்கு மடங்கு வீரிய ஊசியில் கைவலியும் அதிகம்.

மூக்கில் பீச்சும் வகையின் கதை வேறு. 2010இல் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராகப் புனேயின் சீரம் நிறுவனம் கொண்டுவந்த நாசோவேக் இந்த இனம். அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். ஆகவே மூக்கொழுகல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு வரும். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அது ஆகாது.

உப்புத்தண்ணீர் சொன்ன சேதி

மேலே சொன்ன உபாதைகளில் எவ்வளவு ஊசியால் வருகிறது, எவ்வளவு அதே வாரத்தில் எப்படியும் வந்திருக்கும்? இதைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று, 1994இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வேலைக்குப் போகும் ஆரோக்கியமான 849 பேரிடம் நடந்தது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் உப்புநீர் போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, கேட்டு எழுதியவருக்கும் தெரியாது. கைவலி தடுப்பூசிக்காரர்களில் 63.8 விழுக்காடு, உப்புநீர்க்காரர்களில் 24.1 விழுக்காடு. காய்ச்சலோ 6.2, 6.1. அசதி 18.9, 19.1. தலைவலி உப்புநீர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம்.

வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை, கைவலி ஊசியின் சொந்த வேலை. மற்றவை பெரும்பாலும் எந்த நூறு பேரை எந்த வாரத்தில் விசாரித்தாலும் கிடைக்கிற அளவுதான். ஒவ்வொருவரின் அனுபவத்தையும் இது பொய்யாக்கிவிடாது. ஊசிக்குப் பின் ஒரு நாள் படுத்துக் கிடந்தவர் படுத்தது உண்மை. எதனால் என்பதை மட்டும் அவர் ஒருவரின் கதையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

ஐப்பசியின் குழப்பம்

வட இந்தியாவின் பல நகரங்களில் ஃபுளூ தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் தொடுகிறது. 2009 முதல் 2013 வரை திரட்டிய தரவுகளின்படி சென்னையிலும் வேலூரிலும் உச்சம் அக்டோபர், நவம்பரில். அதாவது வடகிழக்குப் பருவமழையில். திருமயமும் அதே மழையை நம்பியிருக்கிற பூமி. மழை தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும்.

நடைமுறையில், ஊரில் நாலு பேர் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் ஊசி ஞாபகம் வருகிறது. கண்மாய் நிறையும் ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு, உண்ணிக்காய்ச்சல், சாதாரணச் சளிக்காய்ச்சல் எல்லாமே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது ஊசி போட்டு நாலாம் நாள் காய்ச்சல் அடித்தால், ஊசியால் வந்தது என்று வீட்டில் முடிவுகட்டி, தானே போய்விடும் என்று காத்திருப்பார்கள். பக்கவிளைவு என்ற பெயரில் இருக்கிற பெரிய ஆபத்து இந்தக் காத்திருப்புதான்.

பிரித்தறிய ஓரளவு வழி உண்டு. ஊசியின் காய்ச்சல் பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தொடங்கி, 101 டிகிரியை அதிகம் தாண்டாமல், இரண்டு நாளில் இறங்கிவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது, 102க்கு மேல் போவது, கண்ணுக்குப் பின்னால் வலி, விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் இரத்தம், உடம்பில் சிவப்புப் புள்ளி, உண்ணி கடித்த கருகிய வடு ஆகியவை ஊசியின் அடையாளங்கள் அல்ல. இருமலும் மூச்சுத்திணறலும்கூட அல்ல. டெங்குவுக்கு என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளில்தான் நன்றாகப் பிடிபடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. ஊசிக்குப் பிந்தைய காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை, உள்ளே இருப்பது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். சும்மாவே காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கலந்து வாங்கும் வழக்கம் உள்ள ஊர்களில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் உண்மையான ஃபுளூவே வந்தாலும் வியப்பில்லை. வைரஸ் முன்பே தொற்றியிருக்கலாம், அல்லது எதிர்ப்புச் சக்தி உருவாகும் முன் தொற்றியிருக்கலாம்.

வீட்டு வைத்தியமும் பழைய நினைவும்

"காய்ச்சல் வந்தாத்தான் ஊசி வேலை செய்யுது" என்ற நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. பெரியம்மைக்கு அம்மை குத்திய காலத்தில் குத்திய இடம் கொப்பளித்து, சீழ் வைத்து, காய்ச்சல் அடித்து, பொருக்கு உதிர்ந்து தழும்பு விழுந்தால்தான் அது பிடித்ததாக அர்த்தம். கொப்பளிக்காவிட்டால் மறுபடி குத்துவார்கள். பிசிஜி ஊசியின் தழும்பும் அந்த நினைவைத் தொடரச் செய்தது. நார்த்தாமலை, கொன்னையூர் மாரியம்மன் கோயில்களுக்குக் கூட்டம் திரளும் மாவட்டம் இது. அம்மை போட்ட வீட்டின் பத்தியமும் வேப்பிலையும் இங்கே பாட்டிமாருக்குக் கைவந்தவை. ஃபுளூ ஊசிக்கு அந்த இலக்கணம் பொருந்தாது. ஒரு வலியும் இல்லாமல் போனவருக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது.

பத்தியமும் தேவையில்லை. குளிக்கலாம், மீன் கறி சாப்பிடலாம், வயல் வேலைக்கும் போகலாம். கையை அசைத்துக்கொண்டிருந்தால் வலி சீக்கிரம் குறையும். குளிர்ந்த நீரில் நனைத்த துணி இதம் தரும். ஊசி போட்ட இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், மஞ்சள் பற்றுப் போடுவதும் வேண்டாம். சிவந்த தோலை அவை புண்ணாக்கிவிடும். தோளின் மிக உச்சியில் ஊசி இறங்கி மூட்டுப் பையில் பட்டுவிட்டால் வலி வாரக்கணக்கில் நீடிக்கும். அது மருந்தின் குணமல்ல, போட்ட இடத்தின் பிழை. நாலைந்து நாளுக்கு மேலும் கை தூக்க முடியாவிட்டால் காட்ட வேண்டும்.

அரிதானவை

ஊசி போட்டதும் கண் இருட்டி விழுவது பயத்தால் வரும் மயக்கம், பதின்பருவத்தினரிடம் அதிகம். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளியும். ஒவ்வாமை அதிர்ச்சி வேறு: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு, இரத்த அழுத்தச் சரிவு. பத்து லட்சம் ஊசிக்கு ஓரிருவர் என்ற அளவில், பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டால் உயிர் பிழைக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வது இதற்காகத்தான். முந்தைய ஃபுளூ ஊசியில் இப்படி ஆனவர் மறுபடி போட்டுக்கொள்ளக் கூடாது. முட்டை ஒவ்வாமை இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை.

கில்லன்-பாரே எனும் நரம்பு நோயின் பெயரை அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் பரப்பியது. சுமார் 4.5 கோடிப் பேருக்குப் போட்ட பின், லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் நோய் கூடியதால் டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. இன்றைய ஊசிகளில் அது பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. ஃபுளூ நோயே அதைவிட அதிகமாக அந்த நரம்பு நோயை உண்டாக்குகிறது. 2010இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பைக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கு அதைப் போடுவதை நிறுத்தினார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவில் பாண்டெம்ரிக்ஸ் ஊசிக்குப் பின் பின்லாந்து, ஸ்வீடன் பிள்ளைகள் சிலருக்கு அடக்க முடியாமல் தூங்கிவிழும் நோய் வந்தது. அது இன்று புழக்கத்தில் இல்லை.

பின்னால் வந்ததும் அதனால் வந்ததும்

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு மிகப் பெரிய அளவில் சோதனைக்குள்ளானது ஃபுளூ ஊசியில் அல்ல. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, தற்செயலாக ஒன்றன்பின் ஒன்று நடந்தது என்று சொன்னது அக்டோபரில். அதற்குள் மக்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். மறுபக்கமும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமத்துக்குப் போய் ஊசி போடும் முறையையே மாநில அரசு சில காலம் நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரச் சொன்னது.

ஊசிக்குப் பின் ஆஸ்பத்திரியில் சேரும்படி எது நடந்தாலும், காரணம் ஊசிதானா என்று உறுதியாகாவிட்டாலும், தெரிவிக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொன்னால் அது மாவட்டக் குழுவுக்குப் போகும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. தனியாரிடம் போட்டுக்கொள்வோர் ஊசியின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, போட்ட தேதியும் நேரமும் எந்தக் கை என்பதும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விசாரணை நடந்தால் முதலில் கேட்கப்படுவது அவைதான்.