தொப்புள்கொடி அறுத்த கைகள்

மகப்பேறு பார்ப்பது உயிர் காக்கும் தொழில். ஆயினும் குருதியையும் நஞ்சுக்கொடியையும் தீட்டென்று ஒதுக்கிய சாதிச் சமுதாயம் அத்தொழிலைத் தாழ்த்தப்பட்ட பெண்டிர் தலையிலேயே சுமத்திற்று. வட இந்தியச் சிற்றூர்களில் ‘தாயி’ எனப்பட்டோர் பெரும்பாலும் தலித் பெண்களே. தமிழகத்தில் முடிதிருத்துவோர் குலத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாயினர். சில ஊர்களில் நம் பாட்டிமாரும் இப்பணி புரிந்தனர். அவர்தம் கைகளில்தான் ஊரார் பிள்ளைகள் கண் விழித்தன. அக்கைகளையே ஊரார் தீண்டத்தகாதவை என்றனர்.

தாயிமாரைப் பயிற்றுவிக்க 1903-இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி ஏற்பட்டது. எனினும் அறியாமை மிக்கோர் என்ற பழியே அவர்கள்மீது நிலைத்தது. 1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் கொள்ளைநோய் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. கருவுற்ற தாய்மாரை அது கொடிதாகத் தாக்கிற்று. அந்நாளில் அத்தாய்மாருக்குத் துணைநின்ற மருத்துவச்சிகளின் பெயர்களை ஏடுகளில் காண்பது அரிது.

ஒரு நூற்றாண்டு கழிந்து கொரோனா வந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. போக்குவரத்து முடங்கிய அந்நாட்களிலும் பேறுவலி காத்திருக்கவில்லை. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘ஆஷா’ பெண்கள் கருவுற்றோரை மருத்துவமனை சேர்த்தனர். வீடுவீடாகச் சென்று நோய்க்கணக்கும் எடுத்தனர். தமிழகத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இவ்விரட்டைச் சுமையைத் தாங்கினர். 2021 ஜூலை வரை கருவுற்றோருக்குத் தடுப்பூசி இசைவு கிடையாது. ஆகவே அவர்களை அணுகிப் பேணிய பணியும் அச்சம் நிறைந்ததாயிற்று.

ஏறத்தாழ பத்து இலட்சம் ஆஷா பெண்களைச் சட்டம் தொழிலாளராக ஏற்கவில்லை, ‘தன்னார்வலர்’ என்றது. கொரோனாப் பணிக்குத் திங்களுக்கு ரூ.1000 ஊக்கத்தொகை என்றனர். முகக்கவசமும் முறையான ஊதியமும் கேட்டு அவர்கள் 2020 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தனர். 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்தது. விருது வந்தது, தொழிலாளர் என்னும் தகுதி அதனோடு வரவில்லை.

அன்று தீட்டு என்ற சொல் உழைப்பின் மதிப்பைக் குறைத்தது. நம் காலத்தில் தொண்டு என்ற சொல் அதன் கூலியைக் குறைத்தது. இரண்டையும் வெல்லக் கல்வி வேண்டும். கல்விக்கேற்ற பதவியும் ஊதியமும் வேண்டும். நம் புதல்வியர் செவிலியராகவும் மருத்துவராகவும் உயர்வதோடு, நம் சேரிகளில் பேறு பார்த்த மூதாட்டியரின் பெயர்களைக் கேட்டறிந்து எழுதி வைப்பாராக. இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கத்தக்க கடமை அதுவே.