வண்டு முத்திரையில் ஒரு மன்னன்

எகிப்திய மன்னர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? வானளாவிய பிரமிடுகளும், பொன் முகமூடி அணிந்த துத்தன்காமனும்தான் அல்லவா? ஆனால் கல்லறையோ, கோயிலோ, சிலையோ கிடைக்காத மன்னன் ஒருவனும் அந்நாட்டில் இருந்தான். அவன் பெயர் சேஷி. அவன் ஆண்டான் என்பதற்குச் சான்று, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய முத்திரைகள்தாம்.

வண்டும் முத்திரையும்

சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டை எகிப்தியர் புனிதமாகக் கருதினர். கதிரவனை வானில் உருட்டிச் செல்லும் தெய்வத்தின் வடிவமாக அதனைக் கண்டனர். ஆகவே மாக்கல்லை வண்டு வடிவில் செதுக்கி, அடிப்புறத்தில் சித்திர எழுத்துகளைப் பொறித்தனர். நீளவாக்கில் துளையிட்டிருந்ததால் நூலில் கோத்து அணியவும் முடிந்தது. பெட்டியைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, இம்முத்திரையை அழுத்துவார்கள். களிமண் உடையாதவரை பெட்டியை எவரும் திறக்கவில்லை என்பது உறுதி.

சேஷியின் முத்திரைகள் ஏறத்தாழ 400 கிடைத்துள்ளன. சிலவற்றில் ‘சேஷி’ என்றும், வேறு சிலவற்றில் ‘மாயிப்ரே’ என்னும் அரியணைப் பெயரும் உள்ளன. முத்திரைகளின் அமைப்பு ஒத்திருப்பதைக் கொண்டே இவ்விரண்டும் ஒருவனைக் குறிப்பன என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். எகிப்தில் மட்டுமன்றி, தெற்கே நூபியாவிலுள்ள கெர்மாவிலும், வடகிழக்கே எரிக்கோவிலும் இவை கிடைத்துள்ளன.

எப்போது ஆண்டான்?

இத்தனை முத்திரைகள் இருந்தும் அவன் காலம் தெளிவாகவில்லை. டென்மார்க் அறிஞர் கிம் ரைஹோல்ட் 1997-இல் அவனைப் பதினான்காம் மரபில் வைத்து, ஏறத்தாழ கி.மு. 1745 முதல் 1705 வரை ஆண்டான் என்றார். டாப்னா பென்-டோர் போன்ற அறிஞர்களோ, கி.மு. 1650 வாக்கில் தொடங்கிய ஹிக்சாஸ் என்னும் பதினைந்தாம் மரபின் காலத்தவன் என்கின்றனர்.

ஏன் இந்த வேறுபாடு? வண்டின் தலை, முதுகு, கால்கள் ஆகியவற்றைச் செதுக்கும் முறை காலப்போக்கில் மாறியது. அவற்றை வகைப்படுத்தி ஓல்கா டஃப்னெல், வில்லியம் வார்டு போன்றோர் ஆராய்ந்தனர். அவர்களின் நூல் 1984-இல் வெளிவந்தது. இவ்வாறு வகைப்படுத்தினால் எது முந்தியது, எது பிந்தியது என்று ஊகிக்கலாம். ஆனால் ஆண்டைச் சொல்ல வேறு சான்று வேண்டும்.

கண்டெடுத்த மண்ணடுக்கே அந்தச் சான்று. அதிலும் எச்சரிக்கை தேவை. சேஷியின் முத்திரை ஒன்று வட ஆப்பிரிக்காவின் கார்தேஜில் கிடைத்தது. அந்நகரமோ அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே தோன்றியது! அழகிய முத்திரையைத் தாயத்துப்போல் பலர் கைமாற்றி வைத்திருக்கலாம்.

ஆனால் உடைத்தெறிந்த களிமண் பதிவை எவரும் பொக்கிஷமாகச் சுமந்து திரிவதில்லை. எட்ஃபு நகர அகழாய்வில் ஹிக்சாஸ் மன்னன் கயானின் களிமண் பதிவுகள், அவனுக்கு மிகவும் முந்தியவனாகக் கருதப்பட்ட நான்காம் சோபெக்ஹோதெப்பின் பதிவுகளுடன் ஒரே இடத்தில் கிடைத்தன. 2011-இல் இச்செய்தி வெளியானதும், அக்கால வரலாற்றின் ஆண்டுக் கணக்கையே அறிஞர்கள் மீண்டும் விவாதிக்கத் தொடங்கினர். மண் துண்டுகள் செய்த வேலையைப் பாருங்கள்!

வாய் மூடிய சாட்சிகள்

சேஷியின் முத்திரைகளில் பல, பழம்பொருள் வணிகர்களின் கைவழியே அருங்காட்சியகங்களை அடைந்தவை. எந்தக் குழியில், எந்தப் பானையருகே இருந்தன என்பது தெரியாது. அவை மன்னனின் பெயரைச் சொல்லும், காலத்தைச் சொல்லமாட்டா.

எனவே, என்றேனும் ஒரு பழங்காசோ பானையோட்டின் துண்டோ உங்கள் கண்ணில் பட்டால், உடனே பெயர்த்தெடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பொருள் பேசுவதில் பாதி, அது கிடந்த மண் பேசுவதுதான்.