மழை பெய்யும் பாலை

பாலை என்றால் மழையறியா வறுநிலம் என்றே வகுப்பறையில் நாம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். இயற்கையால் வறண்ட நிலம் ஒன்று. மனிதரின் பேராசையால் வறண்ட நிலம் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத வரலாறு முழுமையான வரலாறாகாது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனாவிலும் மெக்சிக்கோவின் சொனோராவிலும் பரந்து கிடக்கும் சொனோராப் பாலையின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

யூன் மாதத்தில் அங்கு வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். யூலைத் தொடக்கத்தில் காற்றின் திசை மாறுகிறது. கலிபோர்னியாக் குடாவிலிருந்தும் மெக்சிக்கோக் குடாவிலிருந்தும் ஈரம் வந்து சேர, காலையில் தெளிந்திருந்த வானம் பிற்பகலில் இருண்டு, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. வறண்டு கிடந்த ஓடைகளில் திடீரென வெள்ளம் பாய்கிறது. டூசான் நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 11 அங்குலம். அதிற் பாதியளவு இக் கோடை மழையே.

இம்மழையை நம்பி வாழ்ந்தோர் தொகோனோ ஓஒதாம் மக்கள். 'பாலை மக்கள்' என்பதே அப்பெயரின் பொருள். சகுவாரோ என்னும் பெருங்கள்ளியின் கனி பழுக்கும் காலமே அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. நெடுங்கோல் கொண்டு கனி பறித்து, பாகு காய்ச்சி, மதுவாக்கி, ஊர் கூடிப் பருகி மழையை அழைப்பர். இதனை வெறும் மூடநம்பிக்கை என எள்ளுவோர், அதனோடு பிணைந்திருந்த உழவறிவைக் காணத் தவறுகின்றனர். ஓடைகள் சமவெளியில் விரியும் வாயிலில் அம்மக்கள் வயல் அமைத்தனர். சுள்ளிகளால் தடுப்பணை கட்டி வெள்ளத்தைப் பரப்பினர். வெள்ளம் கொணரும் வண்டலும் சருகுமே எருவாயின. சில பாய்ச்சல்களிலேயே விளையும் தெப்பரி அவரையும், குறுகிய காலச் சோளமும், பூசணியும் அவர்களது உணவாயின. கூட்டுழைப்பு இன்றி இவ்வேளாண்மை நடந்திருக்க முடியாது.

இந்நிலத்தின் விதியை, அதில் உழைத்தவரைக் கேளாமலே பிறர் தீர்மானித்தனர். 1853ஆம் ஆண்டு கைச்சாத்தான உடன்படிக்கையின்படி, ஐக்கிய நாடு 1 கோடி டொலருக்கு மெக்சிக்கோவிடமிருந்து ஒரு பெருநிலப் பரப்பை வாங்கியது. புதிய எல்லைக்கோடு ஓஒதாம் மக்களின் தாயகத்தை இரண்டாகப் பிளந்தது. பின்னர் பருத்திப் பண்ணைகள் எழுந்தன; சொந்த வயலில் விதைத்தவர் பிறர் வயலிற் கூலிக்குப் பஞ்செடுக்கச் சென்றனர். டூசான் நகரும், செப்புச் சுரங்கங்களும், பெரும் பண்ணைகளும் நிலத்தடி நீரை உறிஞ்சின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சன் சேவியர்ப் பகுதியில் சாந்தாக் குரூசு ஆற்றின் ஓட்டம் அற்றது. நீர்மட்டம் தாழ, ஆற்றங்கரை மரங்களும் பட்டன. அவரையும் கள்ளிக்கனியும் அருகிய வீடுகளில் கடைமாவும் சீனியும் புகுந்தன. நீரிழிவு நோயும் பெருகியது.

ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு அதற்குரிய நீரும் சேரும் என்று ஐக்கிய நாட்டு உயர் நீதிமன்றம் 1908ஆம் ஆண்டிலேயே தீர்த்திருந்தது. ஆயினும் 1975ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்த பின்னரே, 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 66,000 ஏக்கர் அடி நீரை இம்மக்களுக்கு உறுதி செய்தது. அதற்கு ஈடாக அவர்கள் தம் பழைய கோரிக்கைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. அச்சட்டமும் முழுமையாக நிறைவேற, 2004ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

மழை இன்றும் யூலையில் வந்துகொண்டிருக்கிறது. வானம் அம்மக்களை வஞ்சிக்கவில்லை. வஞ்சித்தது உடைமை வெறி. பஞ்சத்தையும் வறட்சியையும் பற்றிப் படிக்கும் மாணவர், "மழை எவ்வளவு பெய்தது?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "பெய்த நீர் எவர் கைக்குப் போயிற்று?" என்றும் கேட்கப் பழக வேண்டும். அவ்வினாவை எழுப்பக் கற்பிப்பதே வரலாற்றாசிரியராகிய நமது கடமை.