நாலு காயில், ஒரு காயில், மறுபடி நாலு காயில்

போன தீபாவளிக்குப் புனேயிலிருந்து சேலத்துக்குக் காரிலேயே கிளம்பினோம். ஹூப்ளி தாண்டியதும் வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் நடுங்குகிறது, மிதித்தால் பிக்கப் இல்லை, எஞ்சின் விளக்கு வேறு விட்டு விட்டு மினுக்குகிறது. இந்த விளக்கு மினுக்கினால் ஓரங்கட்டிவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது காயிலைவிடப் பல மடங்கு செலவு.

முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் நாலு காயிலையும் மாற்றச் சொன்னார்கள். பையில் இருந்ததோ பண்டிகைப் பணம். இன்னொருவரைப் பார்க்கலாம் என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். அடுத்து கிடைத்தவர் வயசான மெக்கானிக். ஸ்கேனரைச் செருகினார், பி 0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்தி, இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டாவதில் போட்டார். கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் பி 0303! கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. மாறாமல் இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக், இஞ்செக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். (வங்கியில் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் லெட்ஜர் லெட்ஜராகத் தனியே எடுத்துப் பார்ப்போமே, அதே வேலைதான்.) ஒரே ஒரு காயில் வாங்கினோம்.

சேலம் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் காயிலின் ஜாதகத்தைத் தேடிப் படித்தேன். நான் பி.காம். ஆசாமி, ஆனாலும் புரிந்தது.

பேட்டரியின் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு பிளக்கில் பொறி வராது. பல ஆயிரம் வோல்ட் வேண்டும். கனமான கம்பியைச் சில நூறு சுற்றும், மெல்லிய கம்பியைப் பல ஆயிரம் சுற்றும் ஒரே இரும்பின் மேல் சுற்றி, கனமான கம்பியில் ஓடும் கரன்ட்டைச் சட்டென்று நிறுத்தினால், மெல்லிய கம்பியில் அந்த வோல்ட் பிறக்கும். 1836-ல் இதைச் செய்து காட்டியவர் அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய நிக்கோலஸ் கேலன் என்ற பாதிரியார். பாரிஸில் கருவிகள் செய்து விற்ற ரூம்கார்ஃப் அதை மேம்படுத்திப் பேர் வாங்கிக்கொண்டார். 1860-ல் லெனுவார் தன் கேஸ் எஞ்சினுக்குப் பொறி கொடுத்தது அந்த வகைக் காயிலால்தான். அன்று முதல் இன்று வரை தத்துவம் ஒன்றே. கரன்ட்டை யார் நிறுத்துவது என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

என்னை அசர வைத்தது 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி. அதில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு காயில்! ஒவ்வொன்றும் தனி மரப்பெட்டியில், டாஷ்போர்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலிங் பெல் போல ஒரு தகடு துடித்துத் துடித்துக் கரன்ட்டை நிறுத்தும். வண்டி மிஸ் அடித்தால் தகடுகளை விரலால் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்ப்பார்கள். எதை அமுக்கினால் எஞ்சின் சத்தத்தில் வித்தியாசம் வரவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பிறகு பெட்டியை உருவிப் பக்கத்துப் பெட்டியோடு மாற்றிப் போடுவார்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் பெட்டி போச்சு. நம் ஹூப்ளிக்காரர் செய்ததும் இதேதான், நூறு வருஷம் கழித்து.

நாலை ஒன்றாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர், கல்லாவுக்கு மின்மோட்டார் வைத்தவர். (எங்கள் தொழிலுக்கு உறவு மாதிரி!) நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் ராத்திரி ராத்திரியாக உழைத்து அவர் உருவாக்கிய முறை 1910 மாடல் காடிலாக்கில் வந்தது. ஒரே காயில், ஒரு பொறிக்கு ஒரே ஒரு தடவை கரன்ட் நிறுத்தம். பிறகு இது எல்லார் வண்டியிலும் பரவியது; டிஸ்ட்ரிபியூட்டர் சுழன்று சுழன்று பிளக்குகளுக்குப் பங்கிட்டது. பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் சி.பி. பாயிண்ட் என்று உப்புத்தாளால் தேய்ப்பார்களே, அது இந்த வம்சம். அதில் பாயிண்ட் தேய்வது சகஜம், காயில் போவது அபூர்வம். ஆனால் போனால் வண்டி மொத்தமாக நின்றுவிடும்.

1973-ல் கிறைஸ்லர் எல்லா மாடலிலும் பாயிண்ட்டை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர் வைத்தது. 1980-களில் ஸ்வீடனின் சாப் பிளக்கின் தலையிலேயே காயிலை ஏற்றியது. நம் நாட்டில் 1999-ல் உச்சநீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விதித்ததும் கார்ப்பரேட்டருக்கு நேரம் முடிந்தது. கம்ப்யூட்டர் வந்தது, டிஸ்ட்ரிபியூட்டரும் படிப்படியாகக் காணாமல் போனது.

பிளக்கின் தலையில் உட்கார்ந்த காயிலுக்கு எஞ்சின் சூடு முழுக்க உடம்பில். பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் அதிக வோல்ட் கொடுத்துச் சோர்ந்துபோகும். என் வண்டியில் காரணம் வேறு. கழற்றிய காயிலின் ரப்பரில் ஆயில் பிசுபிசுத்தது. டேப்பெட் கவர் பேக்கிங் கசிந்து பிளக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. குழியைத் துடைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, புதுசை அழுத்தி உட்கார வைத்து ஒரே ஒரு போல்ட்டை முடுக்கினார். "ஊருக்குத் திரும்பியதும் பேக்கிங்கை மாத்திடுங்க சார், இல்லாட்டி இதுவும் போயிடும்" என்று இந்தியில் சொன்னார். அதையும் மாற்றியாகிவிட்டது. பேக்கிங் விலை காயிலில் கால்பங்குகூட இல்லை.